குளத்துத் தண்ணீரில் யாருக்கு எவ்வளவு? இரணைமடுவை வைத்து ஓர் எளிய விளக்கம்

பங்குனி, சித்திரை மாதங்களில் வருடா வருடம் பத்திரிகைகளில் ஒரு செய்தி வரும். இரணைமடுக் குளத்தின் கீழ் இத்தனை ஏக்கரில் சிறுபோகம் செய்யத் தீர்மானம், இன்ன திகதியில் தண்ணீர் திறக்கப்படும் என்று. கிளிநொச்சிக் கமக்காரர் அதை வரி விடாமல் வாசிப்பார்கள். யாழ்ப்பாணத்தில் இருக்கிற நாங்கள் பக்கத்தைப் புரட்டிவிடுவோம். குளம் நிறையத் தண்ணீர் கிடக்கும்போது இத்தனை ஏக்கர்தான் என்று எதற்கு ஒரு எல்லை? அதற்கு ஏன் அரசாங்க அதிபர் தலைமையில் ஒரு கூட்டம்? வயல் இல்லாதவர்களுக்கு இந்தக் கேள்விகளே எழுவதில்லை. ஆனால் யாழ்ப்பாணத்துக் குழாய்களுக்கு இரணைமடுத் தண்ணீரைக் கொண்டுவரலாமா என்ற பெரிய சர்ச்சை வந்தபோது, விஷயம் முழுக்க இந்தக் கூட்டத்துக்குள்தான் போய் நின்றது. ஆகவே கொஞ்சம் விளங்கி வைத்திருப்பது நல்லது.

குடாநாட்டில் வருடம் முழுவதும் ஓடுகிற ஆறு கிடையாது. மாரியில் மட்டும் ஓடி அராலிப் பக்கம் கடலேரியில் சேரும் வழுக்கையாறு ஒன்றுதான் ஆறு என்று பெயர் சொல்ல இருக்கிறது. எங்கள் தண்ணீர் சுண்ணக்கல்லுக்குள் இருக்கிறது, கிணறு வெட்டித்தான் எடுக்கிறோம். அதனால் வாய்க்கால் பாசனம் எங்களுக்கு அந்நியம் என்று நினைத்துவிட வேண்டாம். வலிகாமத்துச் செம்மண்ணில் தோட்டம் செய்த குடும்பங்களுக்குப் பங்குக் கிணறு தெரியும். ஒரு கிணற்றில் நாலைந்து பேருக்குப் பங்கு இருக்கும். யாருக்கு எந்த நாள் இறைப்பு என்று முறை வைத்திருப்பார்கள். தன் முறையை ஒருவர் தவறவிட்டால் அடுத்த முறை வரும்வரை பொறுக்க வேண்டும், அல்லது பக்கத்துத் தோட்டக்காரரோடு பேசி மாற்றிக்கொள்ள வேண்டும். கிணற்றடியிலிருந்து தன் தறைக்குத் தண்ணீர் போக இன்னொருவர் காணியைத் தாண்டவேண்டி வரும். காணி உறுதியில் கிணற்றுப் பங்கோடு வழி வாய்க்கால் உரித்தையும் சேர்த்து எழுதுவது இதற்காகத்தான்.

இந்த ஏற்பாட்டுக்குள்ளேயே ஒரு நீர்ப்பாசனத் திட்டத்தின் மூன்று எலும்புகளும் இருக்கின்றன: பங்கு, முறை, வாய்க்கால் உரித்து. கிணற்றை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு பெரிய குளத்தை வையுங்கள். நாலு பங்காளிக்குப் பதில் ஆயிரக்கணக்கான பங்காளிகள். அவ்வளவு பேர் ஒருவரோடு ஒருவர் பேசித் தீர்க்க முடியாது என்பதால் சட்டமும் திணைக்களமும் கூட்டமும் வருகின்றன.

கிணற்றுக்கும் குளத்துக்கும் முக்கியமான ஒரு வித்தியாசமும் உண்டு. துலா மிதித்து இறைத்த காலத்தில் ஆளின் பலமே எல்லை. எவ்வளவு ஆசைப்பட்டாலும் ஒரு நாளில் இவ்வளவுதான் இறைக்கலாம். இயந்திரம் வந்த பிறகு அந்த எல்லை போய்விட்டது. நிலத்தடியில் நன்னீர் உப்புத் தண்ணீருக்கு மேலே மிதந்துகொண்டு நிற்பதால், கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் ஒரு அடி இறங்கினால் கீழேயிருந்து உவர் ஏறத்தாழ நாற்பது அடி மேலே வரக்கூடும் என்பது நீரியலில் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கிறவருக்கு இது தெரியாது. எவ்வளவு மிச்சம் என்று அங்கே யாரும் அளப்பதில்லை. குளத்தில் அப்படியில்லை. கட்டில் நிற்கிற அளவுகோலைப் பார்த்தால் எத்தனை அடி தண்ணீர் என்று யாருக்கும் தெரியும். கண்ணுக்குத் தெரிகிற, அளக்க முடிகிற தண்ணீர் என்பதால்தான் அதைப் பங்கு போட முடிகிறது.

சரி, குளத்துக்கு வருவோம்.

கனகராயன் ஆற்றை மறித்து இரணைமடுவைக் கட்டும் வேலை 1902இல் தொடங்கி 1920இல் முடிந்தது. பிறகு பல தடவை கட்டை உயர்த்தினார்கள். கடைசியாகப் போருக்குப் பின் நடந்த புனரமைப்பில் கொள்ளளவு ஏறத்தாழ 120,000 ஏக்கர் அடிக்கு வந்தது. ஏக்கர் அடி என்றால் ஒரு ஏக்கர் நிலத்தில் ஒரு அடி உயரத்துக்கு நிற்கிற தண்ணீர். லீற்றரில் சொன்னால் ஏறத்தாழ 12 இலட்சத்து 33 ஆயிரம். பரப்புக் கணக்கில் பழகியவர்களுக்கு: பதினாறு பரப்புக் காணியில் முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே தண்ணீர். இந்தக் குளத்தின் கீழ் பரந்தன், முரசுமோட்டை, உருத்திரபுரம் என்று ஏறத்தாழ 21,000 ஏக்கர் வயல் இருக்கிறது. 1930களில் யாழ்ப்பாணத்திலிருந்து போய்க் குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகள் பலர் இன்றைக்கும் அங்கே கமம் செய்கிறார்கள்.

குளமும் பெரிய வாய்க்காலும் நீர்ப்பாசனத் திணைக்களத்தின் பொறுப்பு. கனகராயன் ஆறு வட மாகாணத்துக்குள்ளேயே ஓடி முடிகிறது. அதனால் இங்கே திணைக்களம் என்றால் மாகாணத் திணைக்களம். பல மாகாணங்களுக்குள் ஓடுகிற ஆறு என்றால் மத்திய அரசின் கைக்குப் போகும். இருநூறு ஏக்கருக்கு உட்பட்ட சின்னக் குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் கீழ் வரும். உங்கள் ஊர்க் குளத்தில் துருசு, அதாவது தண்ணீர் திறந்துவிடும் மதகு, உடைந்தால் எந்தக் கந்தோருக்குப் போவது என்ற குழப்பத்துக்கு இந்தப் பிரிவினைதான் காரணம்.

கூட்டத்தில் என்ன நடக்கிறது

நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம் 1946ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கம். அதன்படி ஒவ்வொரு போகத்துக்கும் முன் அரசாங்க அதிபர் கமக்காரரைக் கூட்ட வேண்டும். அந்தக் கூட்டத்தில் பெரும்பான்மையாக எடுக்கும் தீர்மானம் வராதவரையும் எதிர்த்தவரையும் சேர்த்தே கட்டும். மீறினால் நீதவான் நீதிமன்றம்வரை போகலாம். கூட்டம் என்றவுடன் மாலை, வரவேற்புரை என்று நினைக்காதீர்கள். வடக்கில் நடக்கிற கூட்டங்களில் இதைப் போல உண்மையிலேயே ஏதாவது தீர்மானிக்கிற கூட்டம் குறைவு என்பது என் எண்ணம்.

காலபோகக் கூட்டம் கொஞ்சம் சுலபம். மழையை நம்பி விதைக்கிற போகம் அது. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மழை பொய்க்காவிட்டால் எல்லா வயலும் விளையும், மழை இடைவெளி விட்டால் மட்டும் குளத்திலிருந்து கொஞ்சம் கைகொடுப்பார்கள். சண்டையெல்லாம் சிறுபோகத்தில். அப்போது மழை இல்லை, இருப்பது குளத்தில் நிற்கிற தண்ணீர் மட்டும்.

ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். இலக்கங்கள் விளக்கத்துக்காக நான் எடுத்தவை. சித்திரை தொடக்கத்தில் பயன்படுத்தக்கூடிய தண்ணீர் 40,000 ஏக்கர் அடி என்று பொறியியலாளர் சொல்கிறார். சிறுபோக நெல்லுக்கு நிலம் பண்படுத்துவதிலிருந்து கதிர் முற்றும்வரை, வாய்க்காலில் ஊறிப்போவதையும் சேர்த்து, ஏக்கருக்கு ஏறத்தாழ ஐந்து ஏக்கர் அடி வேண்டும். அப்படியானால் 8,000 ஏக்கர் செய்யலாம். வயலோ 21,000 ஏக்கர். யாருக்குக் கொடுப்பது, யாருக்கு மறுப்பது?

இங்கேதான் பங்கு வருகிறது. 21,000 ஏக்கருக்கும் உரிமை இருக்கிறது, ஆனால் 8,000 ஏக்கருக்குத்தான் தண்ணீர் இருக்கிறது. ஆகவே ஒரு ஏக்கர் வைத்திருப்பவருக்கு 0.38 ஏக்கருக்கான பங்கு. எல்லோரும் தங்கள் வயலில் மூன்றில் ஒன்றை மட்டும் செய்தால் எல்லா வாய்க்காலிலும் தண்ணீர் ஓடவேண்டி வரும், பாதித் தண்ணீர் மண்ணுக்குள் போய்விடும். அதனால் குறிப்பிட்ட சில வாய்க்கால்களின் கீழ் மட்டும் செய்வது என்று தீர்மானித்து, மற்றப் பகுதிக்காரரின் பங்குக்கு அங்கே இடம் கொடுப்பார்கள். அடுத்த வருடம் வேறு பகுதி. தன் வயல் தரிசாகக் கிடக்க, இன்னொருவர் வயலில் தன் பங்குக்கு விதைக்கிறவரை நினைத்துப் பாருங்கள். காணி ஒருவருடையது, அந்தப் போகத்துத் தண்ணீர் இன்னொருவருடையது. சிலர் பங்கை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டு ஒரு தொகை வாங்கிக்கொள்வதும் உண்டு.

தண்ணீரைத் தவிர வேறும் பல தீர்மானங்கள் உண்டு. முதல் தண்ணீர் எந்தத் திகதி, கடைசித் தண்ணீர் எந்தத் திகதி, எத்தனை மாத நெல் விதைக்கலாம், வாய்க்கால் துப்புரவு எப்போது முடிய வேண்டும், மாடுகளை எந்தத் திகதியிலிருந்து கட்டி வைக்க வேண்டும். மூன்றரை மாத நெல்லைத் தீர்மானித்த இடத்தில் ஒருவர் நாலு மாத நெல்லை விதைத்தால் அவருடைய வயலுக்காகக் குளத்தைத் திறந்து வைத்திருக்க முடியாது. கட்டாக்காலி மாடு இதற்குள் எப்படி வந்தது என்று சிரிப்பவர்கள், பச்சை நெல் வயலுக்குள் ஒரு பட்டி மாடு ஓர் இரவு தங்கினால் என்ன ஆகும் என்று கமக்காரரிடம் கேட்டுப் பார்க்கலாம்.

பொறியியலாளர் சொல்லும் கணக்கை எல்லோரும் அப்படியே ஏற்பதில்லை. அவர் கொஞ்சம் கையில் வைத்துக்கொண்டு சொல்கிறார் என்று கமக்காரர் நினைப்பார்கள். இன்னும் ஆயிரம் ஏக்கர் கூட்டச் சொல்லிக் கேட்பார்கள். அவர் கையில் வைத்துக்கொள்வதற்கும் நியாயம் இருக்கிறது. எங்கள் வெயிலில் குளத்து மேற்பரப்பிலிருந்து ஒரு நாளைக்கு ஐந்து மில்லிமீற்றர் ஆவியானாலும் நாலு மாதத்தில் இரண்டு அடி போய்விடும். அடியில் கொஞ்சத் தண்ணீர் மீனுக்கும் மாட்டுக்கும் சுற்று வட்டாரக் கிணறுகளுக்கும் விடவேண்டும்.

வாய்க்காலில் ஒரு துளி பயணம்

கூட்டம் முடிந்து திகதி வந்ததும் துருசு திறக்கும். குளத்திலிருந்து பிரதான வாய்க்கால், அதிலிருந்து கிளை வாய்க்கால், கடைசியில் வயல் வாய்க்கால். பிரிகிற ஒவ்வொரு இடத்திலும் ஒரு கதவு. பிரதான வாய்க்கால்வரை திணைக்களம். அதற்குக் கீழே பெரும்பாலும் கமக்கார அமைப்பின் கையில். முன்னொரு காலத்தில் விதானை ஒருவர் இருந்து எல்லாவற்றையும் பார்த்தார். 1958 நெற்காணிச் சட்டம் அந்தப் பதவியை எடுத்துவிட்டுப் பயிர்ச்செய்கைக் குழுக்களைக் கொண்டுவந்தது. இன்றைக்கு இருக்கிற கமக்கார அமைப்புகளுக்கு 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் அடிப்படை.

ஒரு வயல் வாய்க்காலின் கீழ் நாற்பது ஏக்கர் இருக்கிறது, ஏழு நாளுக்கு ஒரு சுற்று என்று வைப்போம். வாரத்தில் 168 மணித்தியாலம். ஏக்கருக்கு நாலு மணித்தியாலம் சொச்சம். ஒருவருடைய முறை விடியப்புறம் இரண்டு மணிக்கு வந்தால் அவர் அந்த நேரத்துக்கு மண்வெட்டியோடு வரம்பில் நிற்க வேண்டும். வராவிட்டால் தண்ணீர் அவருக்காகக் காத்து நிற்காது. அவர் வராததை மேலே இருப்பவர் கவனித்துக்கொள்வார், அதாவது தன் வயலுக்குத் திருப்பிவிடுவார்.

எந்தத் திட்டத்திலும் தீராத தகராறு தலைமடைக்கும் கடைமடைக்கும் இடையில்தான். வாய்க்கால் தொடங்குகிற இடத்துக்காரருக்குத் தண்ணீர் காலடியில் கிடக்கிறது. கொஞ்சம் கூட எடுத்தால் யாருக்கும் தெரியாது. கடைசி வயல்காரருக்கோ காகிதத்தில் அதே அளவு உரிமை, வாய்க்காலில் ஈரம் மட்டும். இதற்கு நல்ல மருந்து, கடைமடையிலிருந்து முறையைத் தொடங்குவது. பல இடங்களில் செய்கிறார்கள். இரவில் யார் கதவுக்குக் காவல் என்பதில் அது தங்கியிருக்கிறது. வாய்க்காலுக்குச் சீமெந்து பூசுவதும் தண்ணீரை மிச்சம் பிடிக்க மட்டும் இல்லை. மண் வாய்க்காலில் யாரும் எந்த இடத்திலும் வெட்டித் திறக்கலாம், சீமெந்தில் அது கஷ்டம்.

நெல் வயலுக்கு விடுகிற தண்ணீருக்கு இலங்கையில் விலை இல்லை. 1980களில் ஏக்கருக்கு ஒரு கட்டணம் அறவிட அரசாங்கம் முயன்றது, அது நிலைக்கவில்லை. அமைப்புக்குச் சந்தா கட்டலாம், வாய்க்கால் வெட்ட ஆள் வரலாம், அவ்வளவுதான். 2000ஆம் ஆண்டை ஒட்டித் தண்ணீர் உரிமையை ஒரு பத்திரம் போல ஆக்குகிற கொள்கை ஒன்று வந்தபோது, தண்ணீரை விற்கப் போகிறார்கள் என்று நாடு முழுக்க எதிர்ப்புக் கிளம்பி அது கைவிடப்பட்டது.

வேறு ஊரில் எப்படி

ஒப்பிட்டுப் பார்க்கக் கலிபோர்னியா நல்ல இடம். அங்கே 1887இல் ரைட் சட்டம் என்று ஒன்று வந்தது. ஒரு பகுதிக் காணிக்காரர் சேர்ந்து வாக்களித்துத் தங்களுக்கென்று ஒரு நீர்ப்பாசன மாவட்டம் அமைக்கலாம், சபை தெரிவு செய்யலாம், காணிக்கு வரி போடலாம், கடன் பத்திரம் வெளியிட்டு அணை கட்டலாம் என்று அது அனுமதித்தது. அதன் கீழ் முதலில் அமைந்தது அதே வருடத்து டர்லொக் மாவட்டம். திணைக்களம், அரசாங்க அதிபர் என்று யாரும் இல்லை. கமக்காரரே திணைக்களம்.

ஆற்றில் யாருக்கு முதலிடம் என்பதில் வித்தியாசம் இன்னும் பெரிது. அமெரிக்காவின் மேற்கில் முதலில் எடுத்தவருக்கே முதலிடம் என்பது பழைய விதி. 1901இல் எடுக்கத் தொடங்கியவருடைய பங்கு முழுதாக நிறைந்த பிறகுதான் 1930இல் வந்தவருக்கு ஒரு சொட்டு. பஞ்ச காலத்தில் பிந்தி வந்தவர் முழுக்கக் காய்வார், முந்தி வந்தவர் முழுக்க நனைவார். இந்த விதியின் பலத்தில் கலிபோர்னியாவின் தென்கோடியில் உள்ள இம்பீரியல் நீர்ப்பாசன மாவட்டம் ஒன்று மட்டும் கொலராடோ ஆற்றிலிருந்து வருடத்துக்கு 31 இலட்சம் ஏக்கர் அடிவரை எடுக்கலாம். அது ஏறத்தாழ இருபத்தாறு இரணைமடு. அவர்களுடைய உரிமை ஒரு திகதி, எங்களுடையது ஒரு விகிதம். தட்டுப்பாடு வந்தால் எங்கள் முறையில் எல்லோரும் கொஞ்சம் கொஞ்சம் காய்வார்கள். எனக்கு எங்கள் முறைதான் நியாயமாகப் படுகிறது. ஆனால் அவர்களிடம் ஒரு வசதி உண்டு: புதிதாக ஒருவர் வந்தால் அவர் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று சட்டமே சொல்லிவிடும். விகித முறையில் புதியவரை எப்படிச் சேர்ப்பது என்று யாரிடமும் பதில் இல்லை.

அந்தப் புதியவர் நாங்கள்தான்.

யாழ்ப்பாணத்துக்கு இரணைமடுவிலிருந்து குடிநீர் கொண்டுவரும் திட்டத்துக்கு ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவி கிடைத்தது. குளத்தைப் புனரமைத்துக் கூடுதலாகத் தேக்கி, அந்தக் கூடுதலில் ஒரு பகுதியைக் குழாயில் அனுப்பலாம் என்பது எண்ணம். கிளிநொச்சிக் கமக்காரர் மறுத்தார்கள். கடைசியில் மருதங்கேணிப் பக்கம் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் கட்டப்பட்டு 2024 ஓகஸ்டில் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் அதன் கொள்ளளவு.

இதே அளவு தண்ணீரை இரணைமடுவிலிருந்து எடுப்பதாக வைத்து ஏக்கர் அடிக்கு மாற்றினால் வருடம் முழுவதும் ஏறத்தாழ 7,100 ஏக்கர் அடி. நிறைகுளத்தில் நூற்றுக்கு ஆறு. ஆறு வீதத்துக்கா இவ்வளவு சண்டை என்று யாழ்ப்பாணத்தில் அப்போது பலர் கேட்டார்கள். மேலே போட்ட உதாரணத்தைத் திரும்ப எடுங்கள். சித்திரையில் 40,000 ஏக்கர் அடிதான் இருக்கிறது என்றால் 7,100 என்பது கிட்டத்தட்ட ஐந்தில் ஒன்று. 1,400 ஏக்கர் சிறுபோகம். அதைவிட முக்கியமானது: வயலுக்கு இந்த வருடம் தண்ணீர் இல்லை என்று கூட்டத்தில் தீர்மானிக்கலாம். ஒரு நகரத்துக் குழாய்க்கு அப்படித் தீர்மானிக்க முடியாது. குடிநீர் ஒருமுறை பங்காளியாகச் சேர்ந்துவிட்டால் அது எந்தப் பஞ்சத்திலும் தன் பங்கைக் குறைக்காது. எல்லோரும் சேர்ந்து காய்கிற ஒரு முறைக்குள் ஒருபோதும் காயாத ஒருவரைச் சேர்க்கச் சொல்லிக் கேட்டோம். கமக்காரர் பயந்ததில் பிழை இல்லை. அதேநேரம் நைத்திரேற்று ஏறிய கிணற்றுத் தண்ணீரைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற தாய்மார் கேட்டதிலும் பிழை இல்லை.

இன்னொரு யோசனை எப்போதும் அடிபடும்: வான் பாய்ந்து கடலுக்குப் போகிற தண்ணீரை எடுக்கலாமே என்று. குளம் நிறைந்து வான்கதவு திறந்ததும் வெளியேறுகிற தண்ணீர் கூட்டத்துக் கணக்கில் வராது. அதில் யாருக்கும் பங்கு இல்லை. நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஆறுமுகம் முன்வைத்த யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு என்ற திட்டம் இந்தத் தண்ணீரைத்தான் குறிவைத்தது. கனகராயன் ஆறு வந்து சேர்கிற ஆனையிறவுக் கடலேரியைக் கடலிலிருந்து அடைத்து நன்னீராக்கி, முள்ளியான் வாய்க்கால் வழியாக வடமராட்சிக் கடலேரிக்கும் அங்கிருந்து உப்பாற்றுக்கும் கொண்டுபோவது. தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் தடுப்பணை கட்டிக் கடலை வெளியே நிறுத்துவது. தடுப்பணைகள் கட்டப்பட்டன, திட்டம் முழுதாக முடியவில்லை. குடாநாட்டில் நீர்ப்பாசனத் திணைக்களத்தின் பெரிய வேலை தண்ணீர் கொண்டுவருவதைவிட உவரை வரவிடாமல் தடுப்பதாகத்தான் இருந்து வருகிறது.

வான் தண்ணீருக்கு உண்மையிலேயே ஆள் இல்லையா என்றும் பார்க்க வேண்டும். ஆனையிறவு, சுண்டிக்குளம் கடலேரிகளில் இறால் பிடிக்கிற குடும்பங்கள் இருக்கின்றன. நன்னீரும் கடல்நீரும் கலக்கிற இடத்தில்தான் இறால் வளரும். கடலேரியை முழுக்க அடைத்தால் அவர்களுடைய தொழில் போகும். சிறுபோகக் கூட்டம் கமக்காரருக்கான கூட்டம், சட்டப்படி மீனவருக்கு அதில் கை உயர்த்த இடம் இல்லை. வான் தண்ணீரைத் திருப்பும் வேலையை யாராவது மறுபடி கையில் எடுத்தால், முரசுமோட்டைக் கமக்காரரும் சுண்டிக்குளத்து மீனவரும் வலிகாமத்துக் கிணற்றுக்காரரும் சேர்ந்து இருக்கிற ஒரு கூட்டத்தை முதலில் உண்டாக்க வேண்டும். இப்போதைய சட்டத்தில் அப்படி ஒன்று இல்லை.